அம்சா ஊற்றிய தண்ணீர்

அம்சாவை எனக்குப் பிடிக்கும் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடுநிலையாக எழுதுகிறேன் பேர்வழி என்று பூசி மெழுக எனக்கு வராது. திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த ஒரு தெருவில் நான் ரவிக்கை தைத்துக்கொண்டிருந்தேன். ‘கிருஷ்ணவேணி டெய்லர்’ என்று போர்டு. சுவருக்கு அந்தப் பக்கம் அம்சாவும் அவள் புருஷன் மாரியப்பனும் சாமி படங்களுக்குக் கண்ணாடி போட்டு ஃப்ரேம் அடித்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு கடைக்கும் சொந்தக்காரர் சக்கரபாணி. கண்டமங்கலம் பக்கம் நிலம், விழுப்புரத்தில் வீடு, திண்டிவனத்தில் வாடகைக் கடைகள் என்று மூன்று இடத்திலும் கால் வைத்திருந்த மனிதர். அவரை எனக்குப் பிடிக்காது. அதையும் இப்போதே சொல்லி வைக்கிறேன்.

அம்சா பிறந்தது பனமலைப் பக்கம், ஏரிக்குக் கீழே ஒரு காலனியில். அவள் அம்மா செண்பகம் அடுத்தவர் கழனியில் நடவு நட்டு, களை எடுத்து, மல்லாட்டைச் செடியில் கடலை ஆய்ந்து பிள்ளைகளை வளர்த்தவள். அந்தக் காலனிப் பெண்கள் தண்ணீருக்குப் போனால் மண்பானைதான் தூக்க வேண்டும். யாரும் எழுதி ஒட்டி வைக்கவில்லை. எழுதாமலேயே எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஒரு அறுவடை முடிந்ததும் செண்பகம் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி, செஞ்சியில் போய் ஒரு செம்புக் குடம் வாங்கி வந்தாள். புளி போட்டு விளக்கி, வெயிலில் தகதகவென்று மின்ன இடுப்பில் வைத்துக்கொண்டு தண்ணீருக்குப் போனாள். வழியில் ஊர்க்காரர் ஒருவர் நிறுத்தி, “ஏன், மண்பானை ஊர்ல கெடைக்கலியா?” என்று கேட்டுக் கையிலிருந்த தடியால் குடத்தின் தோளில் ஒரு போடு போட்டார். குடம் உடையவில்லை, சொட்டை விழுந்தது. மறுநாள் செண்பகம் அதே குடத்தோடு அதே வழியாகப் போனாள், சொட்டை வெளியே தெரிகிற மாதிரி வைத்துக்கொண்டு.

அந்தக் குடம்தான் அம்சாவுக்குச் சீர். கூட்டேரிப்பட்டுப் பக்கம் வாழ்க்கைப்பட்டு வந்தபோது வேறு என்ன கொண்டுவந்தாள் என்று அவளுக்கே ஞாபகமில்லை. மாமியார் வீட்டில் அது புழக்கத்துக்கு வராது. விருந்தாளி வந்தால் மட்டும் அதில் தண்ணீர் வைப்பாள். குடத்தோடு அம்மாவின் குணமும் சேர்ந்து வந்திருந்தது. ரோட்டோர டீக்கடை ஒன்றில் அவர்களுக்கென்று தனி கிளாஸ் வைத்திருந்தார்கள். அம்சா வீட்டிலிருந்து எவர்சில்வர் டம்ளர் கொண்டுபோய் நீட்டினாள். பட்டுவிடப் போகிறது என்று கடைக்காரர் கையை உயர்த்தி ஊற்றினார். இவளும் டம்ளரை உயர்த்தினாள். அவர் இன்னும் உயர்த்த, இவள் நுனிக்காலில் நின்று இன்னும் உயர்த்த, பாதி டீ அவர் வேட்டியிலேயே போய்விட்டது. இந்தக் கதையை மாரியப்பன் சொல்லும்போதெல்லாம் கண்ணில் நீர் வரச் சிரிப்பான். அவன் சாது. கண்ணாடி வெட்டுகிறவனுக்குக் கோபம் வந்தால் விரல் போய்விடும் என்பான்.

திண்டிவனத்துக்கு வந்து கடை போட்டதும் அம்சா செய்த முதல் காரியம், சக்கரபாணியை “சார்” என்று கூப்பிட்டது. மற்றக் கடைக்காரர்களுக்கு அவர் மொதலாளி. கிராமத்தில் அவருடைய கழனியாட்களுக்கு ஐயா. “சார்னா வாத்தியாரும் சார்தான், போஸ்ட்மேனும் சார்தான். நானும் சார்னு கூப்ட்டா அவருக்கு இன்னா கொறைஞ்சிடும்?” என்று என்னிடம் கேட்டாள். அவருக்குக் குறைந்ததாகத்தான் தோன்றியது. ஒவ்வொரு தடவையும் காதில் எறும்பு புகுந்த மாதிரி தலையை ஆட்டிக்கொள்வார்.

எண்பத்தைந்து வாக்கில், பாண்டிச்சேரியில் ஒரு டாக்டர் வீட்டு ஜன்னலுக்குக் கண்ணாடி மாட்டப் போன மாரியப்பன், அங்கே கூடத்தில் ஒரு மீன் தொட்டியைப் பார்த்துவிட்டு வாயைப் பிளந்துகொண்டு திரும்பி வந்தான். கண்ணாடிக்குள் செடி, செடிக்கு நடுவே கலர் கலராக மீன், ஓரத்தில் குமிழி விடுகிற சின்ன மோட்டார். “அத்த நம்மளே செய்யலாம் அம்சா. கண்ணாடிதானே?” என்றான். இரும்புச் சட்டம் அடித்து, வெட்டி மிச்சமான கண்ணாடிகளைப் பொருத்தி, ஒழுகாமல் ஓரம் பூசி, கடை வாசலில் எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி ஒரு தொட்டியை நிறுத்திவிட்டான். மீன் விட்டுக் காட்டினால் நாலு பேர் தொட்டி கேட்டு வருவார்கள் என்பது அவன் கணக்கு. அம்சாவுக்கு அந்தக் கணக்கெல்லாம் இல்லை. அவளுக்கு அது பிடித்திருந்தது, அவ்வளவுதான்.

பாண்டிச்சேரியில் மீன் விற்ற சீனுவாசன் ஒரு விஷயத்தைச் சொல்லி அனுப்பியிருந்தார். குழாய்த் தண்ணீரில் மருந்து கலக்கிறார்கள், அப்படியே ஊற்றினால் மீன் செத்துவிடும், பிடித்து ஒரு ராத்திரியாவது திறந்து வைத்துவிட்டு ஊற்றுங்கள் என்று. அம்சா அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டாள். வீட்டுக்குப் புதிதாக உயிர் வருகிறது. அதற்குத் தண்ணீர் எதில் வைப்பது? யோசிக்கவே இல்லை. பரணிலிருந்து செம்புக் குடம் இறங்கியது. தினமும் புளி போட்டு விளக்கி, தெருக்குழாயில் பிடித்து, வெள்ளைத் துணி கட்டிக் கடைக்குள் வைப்பாள். மறுநாள் அதைத் தொட்டியில் ஊற்றிவிட்டு மறுபடி பிடிப்பாள். பல நாள் ஊற்றித்தான் தொட்டி நிறைந்தது. குடத்தைத் தூக்கி வரும்போது அவள் நடையே தனி. நான் மிஷினில் குனிந்திருந்தாலும் நிமிர்ந்து பார்ப்பேன்.

மீன் வந்த அன்று தெருவே வாசலில் நின்றது. பிளாஸ்டிக் பையில் தண்ணீரோடு பஸ்ஸில் வந்த கறுப்பு மோலிகளும் வால் பெருத்த கப்பிகளும். மாரியப்பன் பையைத் தொட்டிக்குள் மிதக்கவிட்டு, மெதுவாகச் சரித்துவிட்டான். அவை ஒரு சுற்று சுற்றின. பிள்ளைகள் கை தட்டின. அம்சா கண்ணாடியில் மூக்கு பட நின்றுகொண்டிருந்தாள்.

காலையில் கடையைத் திறந்தபோது எல்லாம் செத்து மிதந்தன.

பஸ்ஸில் குலுங்கியதால் இருக்கும் என்று மறுபடி வாங்கி வந்தார்கள். முன்னைவிடக் கவனமாக, தொட்டியைக் கழுவி, மறுபடி அதே செம்புக் குடத்தில் தண்ணீர் வைத்து நிரப்பினாள். அவையும் செத்தன. இந்தத் தடவை பகலிலேயே, எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. பார்க்கச் சகிக்கவில்லை.

சக்கரபாணி மாதா மாதம் வருகிறவர், அன்றைக்கென்று வந்து சேர்ந்தார். தொட்டியை எட்டிப் பார்த்தார். பிறகு அம்சாவைப் பார்க்காமல் தெருவைப் பார்த்துச் சொன்னார்.

“கைராசின்னு ஒண்ணு இருக்குதும்மா. எல்லார் கையும் ஒண்ணாயிடுமா? ஒங்க கை பட்ட தண்ணில எது பொழைக்கும்?”

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எதிர்க்கடையிலும் ரெண்டு பேர் சிரித்தார்கள். கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு நான் எழுந்தேன். ஆனால் அம்சாவுக்கு என் துணை தேவைப்படவில்லை.

“சார், இதே தொட்டி இங்கியேதான் இருக்கும். இதே கைதான் தண்ணி ஊத்தும். மீனு பொழைக்கும், நீங்க வந்து பார்ப்பீங்க” என்றாள்.

“இன்னொரு தபா செத்துதுன்னு வெய்யி, நானே தூக்கிக் குப்பைல போட்டுடுவேன். கட வாசல்ல நாத்தம் அடிக்கக் கூடாது.”

“செத்தா போடுங்க சார்.”

அவர் போனபிறகு அவள் அழுதாள். அழுததை யாரும் பார்த்துவிடக் கூடாது என்று என் கடைக்குள் வந்து, தைக்க வந்த துணிக் குவியலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள். “மீனு செத்துதுக்கு அழலக்கா. அந்த ஆளு சொன்னத நான் ஒரு நிமிசம் நம்பிட்டேன். அதுக்குத்தான் அழுவுறேன்” என்றாள். மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்து, “அந்த மீன்காரன ரெண்டுல ஒண்ணு பார்க்கணும். நோவு புடிச்ச மீன நம்ம தலைல கட்டிட்டான். நீயும் வா” என்றாள். போனோம்.

பாண்டிச்சேரிக் கடையில் அவள் போட்ட சத்தத்தில் வாங்க வந்தவர்கள் ஒதுங்கி நின்றார்கள். சீனுவாசன் பொறுமைசாலி. திட்டி முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு ஒவ்வொன்றாகக் கேட்டார். என்ன தண்ணீர், எத்தனை நேரம் வைத்தீர்கள், சோப்புப் போட்டுக் கழுவினீர்களா, கொசுவத்தி கொளுத்தினீர்களா. எல்லாவற்றுக்கும் அம்சா வெடுக் வெடுக்கென்று பதில் சொன்னாள்.

“தண்ணிய எதுல வெச்சீங்கம்மா?”

“செம்புக் கொடத்துல” என்றாள், தலை நிமிர்ந்து. “எங்கம்மா குடுத்தது. தெனம் புளி போட்டு வெளக்கி வெச்சேன்.”

அவர் நெற்றியில் கையை வைத்துக்கொண்டார்.

“அதாம்மா. செம்பு மீனுக்கு வெசம். புளி போட்டு வெளக்குனா இன்னும் மோசம், தண்ணில சீக்கிரம் எறங்கும். நீங்க தெனம் தெனம் வெசத்தச் சேத்து ஊத்தியிருக்கீங்க.”

“செம்புத் தண்ணி ஒடம்புக்கு நல்லதுன்னு ஊரே சொல்லுது?”

“மனுசனுக்கு நல்லதோ என்னமோ. மீனுக்கு ஆவாது. கூஜா, பித்தள அண்டா, எதுவும் ஆவாது. பேசாம மண்பானைல வெய்ங்க.”

மண்பானை என்று அவர் சொன்னதும் அம்சாவின் முகம் போன போக்கைப் பார்த்து, அந்த மனிதருக்குத் தான் என்ன தப்பாகச் சொன்னோம் என்று புரியவில்லை. எனக்குப் புரிந்தது. கிளம்பும்போது தன் பழைய தொட்டியிலிருந்து ஒரு பிடி கூழாங்கல்லை அள்ளி, ஈரத்துணியில் சுற்றிக் கொடுத்தார். காய விடாமல் கொண்டுபோங்கள், புதுத் தண்ணீரில் போடுங்கள், தயிருக்கு உறை ஊற்றுகிற மாதிரி என்றார். கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று அந்தக் கல்லில் ஒட்டிக்கொண்டிருக்குமாம். மீன் கழிகிற அழுக்கை அதுதான் தின்று தீர்க்குமாம். அது பெருகுகிறவரை நிறைய மீன் விடக் கூடாது, நடுவில் தண்ணீர் கலங்கினாலும் மாற்றக் கூடாது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவள் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். மடியில் ஈரத்துணி மூட்டை. கிளியனூர் தாண்டியதும் திடீரென்று வெடித்தாள்.

“ஊரான் மண்பானைய எடுன்னான். இந்த ஆளும் மண்பானைய எடுங்கிறான். மீனும் அவங்க கட்சிதானாக்கா?”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் முறைத்தாள். பிறகு அவளும் சிரித்துவிட்டாள். ஆனால் கண் கலங்கியிருந்தது. அம்மா அடி வாங்கியும் விடாமல் சுமந்த குடம். அதே குடம் அவளைத் தெருவில் தலைகுனிய வைத்துவிட்டது என்றால் எப்படித் தாங்கும்?

“கொடத்து மேல தப்பு இல்லடி. மீன் குடிக்கறதுக்கா ஒங்கம்மா வாங்கினாங்க?” என்றேன்.

திண்டிவனத்தில் இறங்கியதும் நேராக ஒரு கடைக்குள் போய் நீலக் கலர் பிளாஸ்டிக் வாளி ஒன்றை எடுத்தாள். “மண்பானைய மட்டும் நான் தூக்க மாட்டேன்” என்றாள். கடைக்காரருக்கு ஒன்றும் விளங்கவில்லை. உங்களை யாரம்மா தூக்கச் சொன்னது என்று கேட்டார்.

அன்று மாலையே தொட்டியைக் காலி செய்தாள். உப்புப் போட்டுத் தேய்த்து, பலமுறை அலசி, மண்ணையும் கல்லையும் புதிதாக வாங்கிப் போட்டாள். வாளியில் தண்ணீர் பிடித்து, திறந்து வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக நிரப்பினாள். அந்தப் பிடிக் கூழாங்கல்லை நடுவில் வைத்து மோட்டாரைப் போட்டாள். தண்ணீரைச் சூடாக்க ஒரு கருவி வேண்டும் என்று டாக்டர் வீட்டில் சொன்னார்களாம். திண்டிவனம் வெயிலுக்கு அதெல்லாம் எதற்கு என்று மாரியப்பனே விட்டுவிட்டான்.

செம்புக் குடத்தை அவள் மறுபடி பரணில் ஏற்றவில்லை. கடை வாசலில் ஒரு முக்காலி போட்டு, குடத்தில் குடிதண்ணீர் ஊற்றி, மேலே டம்ளரைக் கவிழ்த்து வைத்தாள். பஸ்ஸுக்குப் போகிறவர்கள் குடிக்கட்டும் என்று. சொட்டை தெருவைப் பார்த்து இருந்தது.

மீன் இல்லாத தொட்டி நாள்கணக்கில் நின்றது. தெருக்காரர்களுக்கு நல்ல பொழுதுபோக்கு. “இன்னாம்மா, தண்ணிக் காட்சியா?” என்று கேட்பார்கள். “டிக்கெட் இன்னா வெல?” என்பார்கள். அவள் சாமி படத்தில் ஆணி அடித்துக்கொண்டே, “ஒங்களுக்கு ஃப்ரீ” என்பாள். ஒரு வாரம் போனதும் தண்ணீர் வெளுக்க ஆரம்பித்தது. கஞ்சி கலந்த மாதிரி ஆகி, பின்பக்கக் கண்ணாடியே தெரியவில்லை. மாரியப்பனுக்கே பயம் வந்துவிட்டது.

“பேஜாரா கீது அம்சா. கொட்டிட்டு வேற ஊத்திடலாம்.”

“கலங்கும்னுதான மாமா அந்த மீன்காரரு சொன்னாரு? மாத்தாதன்னும் சொன்னாரு. இரு.”

“தெருவே சிரிக்குது.”

“சிரிக்கிறவன் வாயில வேணா இத்த ஊத்து. தொட்டில கை வெக்காத.”

இரண்டு தடவை செத்ததைப் பார்த்தவள், மூன்றாவது தடவை செத்தால் தொட்டி குப்பைக்குப் போகும் என்று தெரிந்தவள், அந்தக் கலங்கல் தண்ணீருக்கு முன்னால் எப்படி அத்தனை அழுத்தமாக உட்கார்ந்திருந்தாள் என்று எனக்கு இன்றும் ஆச்சரியம்தான். நானாக இருந்தால் யாருக்கும் தெரியாமல் பின்பக்கமாகக் கொட்டியிருப்பேன். அவள் கொட்டவில்லை. தினமும் ஒரு சிட்டிகை மீன் தீனியை மட்டும், இல்லாத மீனுக்குப் போடுவாள். அழுக்கைத் தின்கிற அந்த ஒன்றுக்கும் பசிக்கும் அல்லவா என்பாள். அதற்கும் தெரு சிரித்தது.

பிறகு ஒரு காலையில் தண்ணீர் தெளிந்திருந்தது. தெளிவென்றால், உள்ளே தண்ணீர் இருப்பதே தெரியாத அளவுக்கு. அவள் உடனே ஓடிப்போய் மீன் வாங்கிவிடவில்லை. இன்னும் சில நாள் விட்டுவிட்டு, ஒரு ஜோடி கறுப்பு மோலி மட்டும் வாங்கி வந்தாள். விட்ட அன்று தெருவில் ஒருவரையும் கூப்பிடவில்லை. நான் மட்டும் நின்றேன். அவை அடியில் போய் ஒதுங்கி நின்றுவிட்டு, கொஞ்ச நேரத்தில் மேலே வந்து கல்லைக் கொத்த ஆரம்பித்தன.

மறுநாள் காலையில் மாரியப்பன் பூட்டைத் திறக்காமல் சாவியைக் கையில் வைத்துக்கொண்டே நின்றான். அவளே வாங்கித் திறந்தாள். இரண்டும் உயிரோடிருந்தன. அதற்கடுத்த நாளும் இருந்தன. தெருவில் கேள்விகள் குறைந்தன. மாதம் திரும்பி சக்கரபாணி வந்தார். தொட்டியைப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார். நல்லது சொல்ல வாய் வராத மனிதர்கள் இருக்கிறார்கள், என்ன செய்வது.

ஆனால் உண்மையான பதிலை அவருக்கு அந்த மோலிதான் சொன்னது. ஒருநாள் காலை அம்சா போட்ட கூச்சலில், என் மிஷின் ஊசி முறிந்துவிட்டது. ஓடிப்போய்ப் பார்த்தால், செடிக்கு நடுவே கறுப்பு மிளகு மாதிரி குட்டிக் குட்டியாக ஏதோ துள்ளிக்கொண்டிருந்தன. மோலி முட்டை போடாதாம், குட்டிதான் போடுமாம்.

“பெத்துப் போட்டுருக்குதுக்கா! எங் கைத் தண்ணில பெத்துப் போட்டுருக்குது!” என்று தெருவுக்கே கேட்கக் கத்தினாள். எதிர்க்கடையில் அன்று சிரித்த ஆள் வந்து எட்டிப் பார்த்தார். “நல்லா பாரு, கண்ண நல்லா தொறந்து பாரு” என்று அவர் தோளைப் பிடித்துத் தொட்டிக்கு முன்னால் நிறுத்தினாள். அவரும் பார்த்தார். நன்றாகவே பார்த்தார். அதிலிருந்து பாண்டிச்சேரி ரோட்டில் ஒரு டிஸ்பென்சரி, ஒரு ஓட்டல் என்று தொட்டி கேட்டு ஆட்கள் வந்தார்கள். மாரியப்பன் தொட்டி செய்வான். அம்சா தண்ணீர் தயார் செய்வாள். அவசரப்படுகிறவர்களுக்கு அவள் தொட்டியே விற்பதில்லை.

இப்போது சக்கரபாணிக்கு வருகிறேன். விழுப்புரத்தில் அவர் புது வீடு கட்டிக் குடி போனார். கூடத்தில் வைக்க மெட்ராஸிலிருந்து பெரிய மீன் தொட்டி வாங்கினார். அம்சா கடையில் வாங்கவில்லை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. மகளைப் பெண் பார்க்க மெட்ராஸிலிருந்து வரப்போகிறார்கள், வருகிற நேரத்தில் கூடத்தில் மீன் நீந்த வேண்டும் என்பது அவர் ஆசை. மீன் செத்தது. மறுபடி விட்டார். மறுபடி செத்தது. சீனுவாசனிடம் போய் நின்றார். சீனுவாசன் கடைத் தொட்டிகளில் அப்போது ஏதோ வெள்ளைப் புள்ளி நோய் பரவியிருந்தது. என் கல்லைக் கொடுத்தால் உங்கள் மீனுக்கும் தொற்றிக்கொள்ளும், திண்டிவனத்தில் ஒரு அம்மா இருக்கிறார்கள், அந்தத் தண்ணீர் தங்கம், அங்கே போய்க் கேளுங்கள் என்று கடை அடையாளம் சொல்லி அனுப்பிவிட்டார். சொன்ன கடை தன் கடை என்று தெரிந்ததும் சக்கரபாணியின் முகம் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்து நினைத்து நான் சந்தோஷப்பட்டிருக்கிறேன்.

அன்று சந்தை நாள். தெருவில் காரை விட முடியாமல் முனையிலேயே நிறுத்திவிட்டு நடந்து வந்தார். பின்னால் டிரைவர் முத்துசாமி, கையில் பளபளவென்று ஒரு பித்தளைக் குடம்.

“அம்சா, வீட்டுத் தொட்டில மீனு நிக்க மாட்டேங்குது.”

“எதுல சார் தண்ணி ஊத்துனீங்க?”

“பித்தள அண்டாவுலதான். ஐயர வெச்சி மந்திரம் சொல்லி, மஞ்சத் தண்ணி தெளிச்சி, மாவெலை போட்டு...”

நான் மிஷினை நிறுத்திவிட்டேன். எதிர்க்கடையிலும் தராசு நின்றது.

“கைராசின்னு ஒண்ணு இருக்குது இல்லீங்களா சார்?” என்றாள் அம்சா.

அவர் காதில் மறுபடி எறும்பு புகுந்தது. இந்தத் தடவை தலையை ஆட்டக்கூட முடியவில்லை. அவள் அவரை அந்த இடத்திலேயே கொஞ்ச நேரம் நிற்க வைத்துவிட்டு, பிறகு சாவதானமாகச் சொன்னாள். பழைய தண்ணீரைக் கொட்டுங்கள், உப்புப் போட்டுக் கழுவுங்கள், பித்தளை படாமல் புதுத் தண்ணீர் நிரப்புங்கள், அதில் இந்தத் தொட்டியிலிருந்து கல்லும் தண்ணீரும் கொஞ்சம் ஊற்ற வேண்டும். “உறை ஊத்தறா மாதிரி சார். இது இல்லாம நிக்காது.”

உறை. அவர் வீட்டுப் பெண்கள் அம்சா வீட்டுப் பக்கம் உறைமோர் கேட்டுக் கனவில்கூட வந்திருக்க மாட்டார்கள். இப்போது அவள் தொட்டித் தண்ணீர், அவள் கையால் ஊற்றி, அவள் மீன் கழிந்து பழகிய தண்ணீர், அவருடைய புது வீட்டுக் கூடத்துக்குப் போக வேண்டும். அவர் தொண்டையைக் கனைத்தார். வேறு வழி ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றாள். மாப்பிள்ளை வீட்டார் வருகிற நாள் நெருங்கிக்கொண்டிருந்தது.

“சரி, குடு” என்றார். முத்துசாமி பித்தளைக் குடத்தை நீட்டினான்.

“பித்தளைலதான சார் மொதல்ல செத்துது? அது ஆவாது. மண்பானைதான்.”

தெருமுனையில் வெள்ளையம்மாள் சட்டி பானை வைத்து விற்றுக்கொண்டிருந்தாள். முத்துசாமி ஓடிப்போய் ஒன்று வாங்கி வந்தான். அம்சா அதை நன்றாக அலசி, தொட்டியிலிருந்து கல்லை அள்ளிப் போட்டு, தன் கையாலேயே தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றினாள். ஒவ்வொரு தடவை மொள்ளும்போதும் அவர் பார்த்துக்கொண்டிருந்தார். முத்துசாமி தூக்கப் போனான்.

“அவரு தூக்கக் கூடாது” என்றாள். “தொட்டி யாருதோ அவங்க கையாலதான் எடுத்துகினு போவணும். மொத தண்ணி இல்லீங்களா? கைராசி.”

கைராசியில் அவரைப் போல நம்பிக்கை உள்ள மனிதரை நான் பார்த்ததில்லை. ஒரு நிமிஷம் முத்துசாமியைப் பார்த்தார், தெருவைப் பார்த்தார். அப்புறம் குனிந்து பானையைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். சந்தைக்கு வந்த சனம் வழி விட்டது. சலவைச் சட்டையில் தண்ணீர் வழிய, கண்டமங்கலத்து நிலக்காரர் சக்கரபாணி அம்சா ஊற்றிய தண்ணீரை மண்பானையில் சுமந்துகொண்டு கார் வரைக்கும் நடந்தார்.

“ஆடாம போங்க சார்! சிந்திடப் போவுது!” என்று அம்சா பின்னாலிருந்து குரல் கொடுத்தாள்.

அவர் வீட்டு மீன்கள் பிழைத்தன. எல்லாம் தன் கைராசி என்று விழுப்புரத்தில் சொல்லிக்கொண்டாராம். சொல்லிவிட்டுப் போகட்டும். தண்ணீர் யாருடையது என்று எங்கள் தெருவுக்குத் தெரியும்.

அன்று கார் கிளம்பியதும் நான் அம்சா கடைக்குள் போனேன். மேசைக்கு அடியில் அந்த நீல பிளாஸ்டிக் வாளி காலியாக இருந்தது. அதில் எடுத்துக்கொண்டு போயிருந்தாலும் மீனுக்கு ஒரு கெடுதலும் இல்லை.

“ஏண்டி, வாளி இங்கதானே இருந்தது?” என்றேன்.

“இருந்துதுக்கா” என்றாள், கையைத் துடைத்துக்கொண்டே. “எங்க சனம் ஆயுசு பூரா மண்பானை சொமந்துச்சு. அவரு ஒரு தெரு சொமந்தா தேஞ்சா பூடுவாரு?”